ட்ரெட்மில்லா, கோட்டை நடையா, யோகாவா, வீட்டுப் பயிற்சியா? அம்மா மறுபடி விழாமல் இருக்க நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்தோம்

மார்கழி விடியற்காலை. வாசல் தெளிக்க வாளித் தண்ணீரோடு வந்த அம்மா, வாசற்படியில் கால் இடறி விழுந்துவிட்டார். வயது 71. எலும்பு ஒன்றும் முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியது, முட்டி சிராய்த்தது, பத்து நாளில் இரண்டும் ஆறிவிட்டன. எங்களை உலுக்கியது அதற்கப்புறம் நடந்தது. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அம்மா நடமாட்டத்தையே சுருக்கிக்கொண்டார். கோலம் போடுவது நின்றது. தெருமுனைக் கடைக்குப் போவது நின்றது. மாடியில் துணி காயப்போடுவதும் நின்றது. மாசி பிறந்தபோது, நாற்காலியின் இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்து, "முருகா" என்று மூச்சை இழுத்து விட்டுத்தான் எழுந்திருக்க முடிந்தது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பெங்களூரில் இருக்கும் தம்பி ட்ரெட்மில் வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். வேலூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "காலையில கோட்டைக்கு இட்டுனு போ, காத்தும் கெடைக்கும், காலும் வலுவாகும்" என்றார். காட்பாடியில் இருக்கும் சித்தி தான் போகும் யோகா வகுப்பில் சேர்த்துவிடச் சொன்னார். மணிக்கட்டைக் காட்டப் போன மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பன்னிரண்டு படங்கள், கீழே எல்லாம் ஆங்கிலம். அம்மாவால் ஒரு வரி படிக்க முடியாத அந்தத் தாள் ஃபிரிட்ஜ் மேல் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் கருத்து வேறு: "வயசானா காலு ஓஞ்சிதான் பூடும். எனக்கு இன்னாத்துக்குமா எக்சர்சைசு?"

இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று இரண்டு மாதம் படித்தேன், கேட்டேன், அம்மாவோடு செய்தும் பார்த்தேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், கால் ஏன் தவறுகிறது

படியில் கால் இடறினால் எல்லோருமே ஒரு கணம் தடுமாறுகிறோம். சின்ன வயதில் மற்ற கால் சட்டென்று முன்னால் போய் ஊன்றி உடம்பைத் தாங்கிவிடுகிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடக்கிற வேலை அது. அதற்குத் தொடையிலும் பிட்டத்திலும் கெண்டைக்காலிலும் பலம் வேண்டும், அந்தப் பலம் வேகமாகவும் வெளிப்பட வேண்டும். வயது ஏறும்போது வேகம்தான் முதலில் போகிறது, பலம் அதன் பின்னால் போகிறது.

அடுத்தது சமநிலை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்பவை கண், உள்காது, உள்ளங்கால். கண்புரை ஒன்றை மங்கலாக்குகிறது. நாள்பட்ட சர்க்கரை நோய் உள்ளங்காலை மரத்துப்போக வைக்கிறது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வரும் பெரியவர்களை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம். இப்படிச் செய்தி குறையக் குறைய, இருப்பதை வைத்துச் சமாளிக்க மூளையைப் பழக்க வேண்டும். தடுமாற வைக்கும் நிலையில் பாதுகாப்பாக நின்று பழகுவதுதான் அதற்கு வழி.

ஆகவே நான் எல்லா யோசனையையும் இந்த இரண்டு கேள்வியால்தான் எடை போட்டேன். இது காலுக்குப் பலம் தருகிறதா? இது சமநிலைக்குச் சவால் விடுகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், மூன்றாவதாக ஒன்று: ஆறு மாதம் கழித்தும் அம்மா இதைச் செய்துகொண்டிருப்பாரா?

சும்மா உட்கார்ந்திருப்பதையும் ஒரு தேர்வாகவே எண்ண வேண்டும். பல வீடுகளில் பாசத்தோடு செய்யப்படுகிற தேர்வு அது: "நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்." 2007இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ சதை கரைந்திருந்தது. இதைப் படித்த அன்றே, அம்மாவுக்குத் தண்ணீர் சொம்பைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்தினேன்.

கோட்டை நடை

வேலூரில் காலை ஐந்தரைக்குக் கோட்டைப் பக்கம் போனால் பாதி ஊர் நடந்துகொண்டிருக்கும். அகழி ஓரத்துக் காற்று, தெரிந்த முகங்கள், முடித்துவிட்டு ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நடைக்கு ஈடில்லை. நானும் இதைத்தான் முதலில் நினைத்தேன்.

ஆனால் விழுவதைத் தடுக்க நடை மட்டும் போதாது. வயதானவர்கள் விழுவதைப் பயிற்சி குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2019இல் காக்ரேன் அமைப்பு ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டது. 25 நாடுகள், 108 ஆய்வுகள், 23,407 பேர். பயிற்சியால் விழும் எண்ணிக்கை மொத்தத்தில் 23 சதவீதம் குறைந்தது. சமநிலைப் பயிற்சியும் பலப் பயிற்சியும் சேர்ந்தபோது 34 சதவீதம். நடையை மட்டும் எடுத்துப் பார்த்தால் இப்படி உறுதியான பலன் எதையும் அந்தத் தொகுப்பு காட்டவில்லை. அதற்கும் முன்னால், கை எலும்பு முறிந்த பெண்களை வேக நடைக்கு அனுப்பிய ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நடந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே விழுந்தார்கள். காரணம் யோசித்தால் புரிகிறது. சமதரையில் நடப்பது நாம் ஏற்கெனவே அறிந்த வேலை, அதில் தொடைக்குப் புதிய பாரம் இல்லை, சமநிலைக்குச் சோதனையும் இல்லை. பலமில்லாத காலோடு மேடுபள்ளத்தில் நாய்களுக்கு நடுவே நடந்தால் விழும் வாய்ப்புதான் கூடும்.

இதில் எங்கள் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் ஏழரை மணிக்கே தார்ச்சாலை கொதிக்கும். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் நடந்தால் கிறுகிறுப்பு வரும். நடையை விடச் சொல்லவில்லை. கால் தேறியபின் அது அருமையான துணை. முதல் மருந்தாக அதைக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

ட்ரெட்மில்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடைக்கு உள்ள குறை அனைத்தும் அதற்கும் உண்டு, கூடவே காலுக்கடியில் ஓடும் பட்டை. ஏற்கெனவே தடுமாறுகிறவரை யாரும் பக்கத்தில் இல்லாமல் அதில் ஏற்றிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தம்பியிடம் அந்தப் பணத்தை அனுப்பச் சொன்னேன். அது எதற்குப் போனது என்று கீழே சொல்கிறேன்.

யோகா வகுப்பு

சித்தியோடு ஒருநாள் போய்ப் பார்த்தேன். நல்ல ஆசிரியர். விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நிற்க வைக்கிறார். அது அருமையான சமநிலைப் பயிற்சி. யோகா செய்த முதியவர்களின் சமநிலை மேம்படுவதை ஆய்வுகளும் காட்டுகின்றன. தரையில் உட்கார்ந்து எழுவதே பாதிப் பயிற்சிதான். நாற்காலியிலும் சோபாவிலும் வாழப் பழகிவிட்ட நம் பெரியவர்களுக்கு அந்தப் பழக்கம் திரும்ப வந்தால் பெரிய லாபம்.

சிக்கல் வகுப்பின் அமைப்பில் இருந்தது. ஏறக்குறைய முப்பது பேர், பாதிக்கு மேல் நாற்பது வயதுக்குக் கீழே. முட்டி வலியோடு கடைசி வரிசையில் இருக்கும் 71 வயதுக்காரரைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. இன்னொன்று, எலும்பு மெலிந்தவர்கள் முதுகை நன்றாக வளைத்து முன்னால் குனியும் ஆசனங்களைச் செய்தால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். முதியவர்களுக்கென்றே தனி வகுப்பு, சுவரையோ நாற்காலியையோ பிடித்துச் செய்யும் முறை, கூட ஓர் உதவியாளர் என்று அமைந்தால் தயங்காமல் சேர்க்கலாம். தனியாக வீட்டில் இருக்கப் பிடிக்காத, நாலு பேரோடு இருந்தால்தான் எதையும் செய்கிற குணம் உள்ளவர்களுக்கு அதுதான் சிறந்த வழி என்றுகூடச் சொல்வேன். அம்மா அந்தக் குணம் இல்லை. மெதுவாக அசைந்து செய்யும் சீனத்துத் தாய்ச்சிப் பயிற்சியும் பலன் தருவதுதான், அதே காக்ரேன் தொகுப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுவதைக் குறைத்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் கற்றுத்தர ஆள் கிடைக்காமல் வீடியோ பார்த்துச் செய்வதை நான் விரும்பவில்லை.

ஜிம்

"இந்த வயசுல ஜிம்மா?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990இல் பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு, முதியோர் இல்லத்தில் வைத்தே எட்டு வாரம் கால் தசைகளுக்குக் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசைக்கு வயது தடையே இல்லை, பாரம் போதுமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மாவின் "ஓஞ்சிதான் பூடும்" என்ற பேச்சுக்கு நான் வைத்த பதில் இதுதான்.

முதியவர்களுக்குப் பழக்கமுள்ள பயிற்சியாளர் இருக்கிற ஜிம் பக்கத்திலேயே இருந்தால், 60களில் இருக்கும் திடமான ஆண் பெண் இருவருக்கும் அதைப் பரிந்துரைப்பேன். எடை இயந்திரத்தில் உட்கார்ந்தபடியே பலம் ஏற்றலாம், ஆனால் சமநிலைப் பயிற்சியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோவில் போய், மாடிப்படி ஏறி, இளைஞர் கூட்டத்தில் புடவையோடு நிற்க அம்மா ஒருநாளும் சம்மதிக்க மாட்டார். மூன்றாவது கேள்வியில் ஜிம் தோற்றது.

வீட்டுப் பயிற்சி, பிசியோ வந்து அமைத்துக் கொடுத்தது

நியூசிலாந்தில் டுனெடின் என்ற ஊர். அங்கே ஒட்டாகோ மருத்துவப் பள்ளியில் 1990களில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். பிசியோவோ செவிலியரோ வீட்டுக்கு வந்து, ஆளுக்கு ஏற்ப காலுக்கான பலப் பயிற்சிகளையும் சமநிலைப் பயிற்சிகளையும் கற்றுத்தருவார். கணுக்காலில் சிறு எடை கட்டிக்கொண்டு வாரம் மூன்று நாள், நாளுக்கு அரைமணி. இடையில் வந்து பார்த்து எடையைக் கூட்டுவார். 65 முதல் 97 வயது வரை 1,016 பேரை வைத்துப் பார்த்ததில் விழுவது 35 சதவீதம் குறைந்தது. ஜிம் இல்லை, பெரிய கருவி இல்லை, பயணம் இல்லை. படித்ததும் இது எங்கள் வீட்டுக்கே செய்த மாதிரி இருந்தது.

தம்பியின் ட்ரெட்மில் பணம் இங்கேதான் வந்தது. ஒரு பிசியோதெரபிஸ்ட் முதல் நான்கு வாரம் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். ஓர் ஆண்டுக்கு இப்படி வந்தாலும் அந்தப் பணத்தில் மிச்சம் இருக்கும்.

அந்தப் பெண் வந்த முதல் நாள் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தார். கையை ஊன்றினால் கணக்கு 0. அம்மாவுக்கு வந்தது 0. 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10க்குக் கீழே வந்தால் விழும் ஆபத்து உண்டு என்று கொள்கிறார்கள், ஆணுக்கு 12. இதை உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், கால் வளையும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொள்ளுங்கள்.

கைகளை விட்டு எழ முடியாதவருக்கு எப்படித் தொடங்குவது? நாற்காலியில் கெட்டியான இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினார். அந்த உயரத்திலிருந்து அம்மாவால் கை ஊன்றாமல் எழ முடிந்தது. எழுந்து நின்றதும் அம்மா முகத்தில் வந்த ஆச்சரியத்தை நான் மறக்க மாட்டேன். மூன்று வாரத்தில் ஒரு தலையணை போனது.

மேசையைப் பிடித்துக்கொண்டு முட்டியைக் கொஞ்சமாக மடக்கி எழும் பயிற்சிக்கு அவர் மினி ஸ்குவாட் என்று பெயர் சொன்னார். அம்மா பார்த்துவிட்டு, "இது புள்ளையாருக்குப் போடற தோப்புக்கரணம்தானே!" என்றார். அன்றிலிருந்து பூஜை அலமாரிக்கு எதிரில், மேசையைப் பிடித்தபடி, பாதி மடக்கில் பத்து. முழுசாக உட்கார்ந்து போடும் தோப்புக்கரணம் தேய்ந்த முட்டிக்கு ஆகாது, பாதி போதும். தொடை பலமானால் முட்டி வலியும் குறைகிறது. வலிக்கிறதே என்று ஓய்வு கொடுத்தால்தான் வலி வளரும்.

கணுக்கால் எடைக்குக் கடையில் அலையவில்லை. பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் ஒரு பிடி மணல் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அப்பாவின் பழைய லுங்கித் துணியில் நீளமான பை தைத்து உள்ளே வைத்தார் அம்மா. இரண்டு முனையிலும் நாடா. மளிகைக் கடைத் தராசில் நிறுத்தி, காலுக்கு அரை கிலோ. உட்கார்ந்துகொண்டு காலை நீட்டி மடக்க, நின்றுகொண்டு பக்கவாட்டில் தூக்க, பின்னால் மடக்க இது போதும். பக்கவாட்டில் தூக்குவதை விட்டுவிடாதீர்கள். ஒற்றைக்காலில் உடம்பைத் தாங்குவது இடுப்பின் பக்கத் தசைதான்.

சமநிலைக்கு, குதிகாலும் பெருவிரலும் தொட ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து 10 நொடி நிற்பது. முதலில் இரண்டு கையாலும் சமையல் மேடையைப் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், கடைசியில் கை மேடைக்கு மேலே காற்றில். அப்புறம் தாழ்வாரத்தில் இரண்டு குடத்தை இடைவெளிவிட்டு வைத்து எட்டு வடிவில் சுற்றி வருவது. பிசியோ சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பெரிய திறப்பு: உடம்பு கொஞ்சம் ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் சுகமாக நிற்க முடிகிறது என்றால் பயிற்சி எளிதாகிவிட்டது, அடுத்த படிக்குப் போக வேண்டும். பல வீடுகளில் ஒரு வருடம் செய்தும் பலன் இல்லை என்று சொல்வதற்குக் காரணம், முதல் நாள் செய்ததையே முந்நூறாம் நாளும் செய்வதுதான்.

வேலையோடு வேலையாக

தனியாக நேரம் ஒதுக்கவே மாட்டேன் என்கிறவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் இன்னொரு வழியைச் சோதித்தார்கள். பல் துலக்கும்போது ஒற்றைக்கால், அலமாரி மேல்தட்டை எட்டும்போது குதிகால் உயர்த்தல், கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்குதல் என்று வீட்டு வேலைக்குள்ளேயே பயிற்சியை நுழைப்பது. 2012இல் வெளியான முடிவில் விழுவது 31 சதவீதம் குறைந்திருந்தது. ஒட்டாகோ முறைக்கு இது அதிகம் பின்தங்கவில்லை. அம்மா வாரத்தில் மூன்று நாள் முழுப் பயிற்சி, மற்ற நாட்களில் இது என்று கலந்து செய்கிறார். பாத்திரம் கழுவும்போது இருபது முறை குதிகால் தூக்கி இறக்குவார். சிங்க் பக்கம் மட்டும்தான். எரிகிற அடுப்புக்கு எதிரில் எந்தச் சமநிலைப் பயிற்சியும் கூடவே கூடாது.

யாருக்கு எது

வருடத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தவர், பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு அறுவை ஆனவர், நடுக்குவாதம் உள்ளவர் என்றால் என் ஒப்பீடு எதையும் பார்க்காமல் நேராக மருத்துவமனையின் புனர்வாழ்வுப் பிரிவுக்குப் போங்கள். அந்த விஷயத்தில் வேலூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸின் உழைப்பால், 1966இலேயே சி.எம்.சி.யின் புனர்வாழ்வு மையம் பாகாயத்தில் உருவானது. வீட்டை விட்டு வர முடியாத, பிசியோவுக்குப் பணம் கொடுக்க முடியாத நிலை என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் போதும்.

எந்தப் பயிற்சிக்கும் முன்னால் மாத்திரைப் பையை மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் எழுந்து நிற்கும்போது தலையைச் சுற்ற வைக்கும். படுத்தபடி ஒருமுறை, நின்றபின் ஒருமுறை என்று அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சு வலி, மூச்சிறைப்பு, கிறுகிறுப்பு வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். சாப்பாட்டில் பருப்பு, முட்டை, பால், நம்மூர் வேர்க்கடலை கூட வேண்டும். ரசம் சோற்றில் தசை வளராது. குளியலறையில் கைப்பிடி, தேய்ந்துபோன ரப்பர் செருப்புக்குப் பதில் பின்வார் உள்ள செருப்பு, இரவு விளக்கு. எங்கள் வாசற்படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறோம்.

நான்கு மாதம் ஆகிறது. தலையணை இல்லாத நாற்காலியில் கையை ஊன்றாமல் அம்மாவின் கணக்கு இப்போது 8. பத்தைத் தொடவில்லை. ஆனால் போன வாரம் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரை ஒரு கையால் மட்டும் தொட்டபடி தானாக இறங்கி வந்தார். வாசலில் சின்னதாக ஒரு நாலு புள்ளிக் கோலமும் திரும்ப வந்திருக்கிறது. சனிக்கிழமை பிசியோ வருகிறார். மணல் பையை முக்கால் கிலோ ஆக்கலாமா என்று கேட்க வேண்டும். அம்மா இப்போதே இன்னும் கொஞ்சம் நீளமாக ஒரு பை தைத்து, நாடா கோத்து வைத்திருக்கிறார்.